மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டுங்கள்: லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு, கோபி - தாராபுரம் பக்கத்து நிலவரம்

2020-க்கு முன் இந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் தெர்மாமீட்டர் இருந்தாலே பெரிது. இன்றைக்கு டிவிக்குப் பக்கத்திலேயே பிபி மிஷின், குளுக்கோமீட்டர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் மூன்றும் உட்கார்ந்திருக்கின்றன. ரத்தம் எடுக்க லேப் ஆள் விடியக்காலம் பைக்கிலேயே வந்துவிடுகிறார். அரசாங்கத்தின் பங்குக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக பிபி, சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன.

கொரோனா காலத்துக்குப் பின் வீட்டுக்கு வரத் தொடங்கியதெல்லாம் நிலைத்துவிட்டது. நாம் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியவைதான் அப்படியே விட்டுப்போயின: பாதம், விழித்திரை, வாய், கர்ப்பப்பை வாய். மூன்று வார லீவில் வருகிற பிள்ளைகள் ‘ஃபுல் பாடி’ பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டுத் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். அந்தப் பேக்கேஜில் கேன்சர் மார்க்கர் என்று நாலு ரத்தப் பரிசோதனைகளின் பெயர் இருக்கும். அறிகுறி இல்லாதவருக்கு அவற்றால் பயம்தான் மிச்சம். பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற ஆள் அதில் இருக்கமாட்டார்.

முதல் வேலை, மாத்திரைகளைப் போட்டு வைத்திருக்கிற மஞ்சப்பை. வீட்டிலிருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் கட்டிலில் கொட்டி, எது எதற்கு, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2021 மே கடைசியில் கோவையின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டிப் போனது. அப்போது வாங்கிய சீட்டை வைத்தே இன்றும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரத்துக்கென்று கொடுத்த ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான பான்டோப்ரசோல், துத்தநாகம் எல்லாம் அதில் இருக்கலாம். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் போட்டால் சர்க்கரை ஏறும். அந்த ஏற்றத்தின்போது ஆரம்பித்த, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இப்போதும் அதே அளவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட வயதானவருக்கு அதனால் விடியற்காலை நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.

ரத்தம் எடுக்கும்போது ட்யூபின் மூடியைக் கவனியுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சிக்கு ஊதா மூடி. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. அதில்தான் ஃபுளோரைடு இருக்கிறது. அது இல்லாத ட்யூபில் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். பிரித்தெடுக்காத ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. காலையில் 130 இருந்த அளவு, பத்து வீடு சுற்றி இரண்டு மணி நேரம் கழித்து லேபுக்குப் போனால் 115 ஆகிவிடும். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்பதால் இந்த 15 சின்ன வித்தியாசம் இல்லை. ‘முதல் வீடா, கடைசி வீடா?’ என்று கேட்டு முதல் நேரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டினி 8 முதல் 10 மணி நேரம் போதும். தண்ணீர் குடிக்கலாம், காப்பி கூடாது. சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் ரத்தத்துக்கு முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நம்மாட்களின் பழைய தந்திரம். தினமும் சாப்பிடுகிற அரிசிம்பருப்பையே சாப்பிடச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தப்பாகக் காட்டும் என்பதால் ஹீமோகுளோபினும் கூடவே பார்க்க வேண்டும்.

பிபி மிஷினை வாங்கிக் கொடுத்த பலர் அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. காடு சுற்றி வந்த மூச்சோடு, கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்து, துணிக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் அப்படியே. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்களில் சிலர் இதில் கறார்:

“காப்பி குடிச்சுப்போட்டீங்களா, ஆத்தா?”

“இப்பத்தான் கண்ணு குடிச்சேன்.”

“அப்ப அரை மணி நேரங் கழிச்சு வாறனுங்க. பேசாம உக்காந்திருக்கோணும்.”

அதுதான் முறை. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இனி பாதம். நெருஞ்சியும் கருவேல முள்ளும் கிடக்கிற காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு, உணர்ச்சி மரத்துப்போனது தங்களுக்கே தெரியாது. முள் ஏறி, சீழ் பிடித்து, வாடை வந்த பிறகுதான் தெரியும். நடுப்பகலில் கோயில் கல்தரையைச் சுற்றி வந்து, கொப்புளத்தை வீட்டில் வந்து பார்க்கிறவர்களும் உண்டு. சர்க்கரைக்காரருக்கு வருடம் ஒருமுறையாவது 10 கிராம் நைலான் இழைச் சோதனை வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியிலும் பாதத்து மேடுகளிலும் இழை வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, பட்டதும் சொல்லச் சொல்வார்கள். காய்ப்பு மேல் அழுத்தினால் கணக்கில் வராது. ‘தெரியுதுங்களா?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டாலும் சோதனை கெட்டது, தெரியாவிட்டாலும் ‘ஆமாங்க’ என்றுவிடுவார்கள். மரத்துப்போனதற்குச் சர்க்கரைதான் காரணம் என்றும் முடிவு கட்டக்கூடாது. வருடக்கணக்கில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும், மஞ்சப்பையில் கிடந்த அந்த பான்டோப்ரசோலும் தின்றால் வைட்டமின் பி12 குறையும், அதற்கும் கால் மரக்கும். உணர்ச்சி குறைந்தவருக்கு எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்வார் வைத்ததாக. சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கிற நேரத்து அளவே சரியான அளவு.

சர்க்கரைக்காரரின் விழித்திரையைப் பார்க்கக் கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் பார்வை கூசும், மங்கும். அப்பாரு பைக்கில் தனியாகப் போய்விட்டு வருகிற வேலை இல்லை இது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறக்காமை, இதில் எது இருந்தாலும், பாக்கு, புகையிலை போடுகிறவரானால், அந்த வாரமே காட்டுங்கள். பெண்களுக்கு 30 வயதிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசெட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிறார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த முறை அவ்வளவு சரியாகப் பிடிபடாது, அவர்களுக்கு ஹெச்பிவி பரிசோதனை (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) கேளுங்கள். அம்மாவிடம் மகன் பேசத் தயங்குகிற விஷயம் என்பதால் மருமகளோ மகளோ கூட்டிப்போவது நடக்கும்.

‘கொரோனா ஊசி போட்டாச்சு’ என்பதோடு ஊசிக் கணக்கு முடிந்துவிட்டதாக ஊரில் நினைப்பு. ஃப்ளூ ஊசி வருடாவருடம் போடுவது, வேலை செய்ய இரண்டு வாரமாகும். அதனால் வந்த முதல் வாரமே டாக்டரிடம் கேளுங்கள். வாசலில் கைகழுவ வைத்த சோப்பு எப்போதோ காணாமல் போய்விட்டது. சானிடைசர் பாட்டில் மட்டும் சில வீடுகளில் சாமி விளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது சாராயம், தீப்பிடிக்கும், எடுத்து அப்புறம் வையுங்கள்.

திரும்பிப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் போனைக் கொஞ்சம் கீழே இறக்கி, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் காட்டச் சொல்லுங்கள்.