ஸ்டார் அனலைசர் 100: கோலாலம்பூர் மாடியிலிருந்து குவேசாரின் வாயுவை அளக்க முடியுமா?

ஒன்றேகால் அங்குல ஃபில்டர் மரையில் திருகிப் பொருத்தும் சின்னக் கண்ணாடி வட்டம் இது. இங்கிலாந்தின் பேட்டன் ஹாக்ஸ்லி தயாரிப்பு, மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் கொண்ட கிரேட்டிங், அதாவது ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுக் கண்ணாடி. கேமராவுக்கு முன்னால் வைத்தால் விண்மீனின் புள்ளி ஒரு பக்கமும் அதன் நிறமாலை இன்னொரு பக்கமும் ஒரே படத்தில் விழும். ஒளியை நுழையவிடும் குறுகிய பிளவு கிடையாது, அளவுகோல் விளக்கு கிடையாது, கம்பி கிடையாது. குவேசாரில், அதாவது பெருங்கருந்துளையால் பிரகாசிக்கும் தொலைதூர விண்மீன்மண்டல மையத்தில், கருந்துளையைச் சுற்றும் வாயுவின் வேகத்தை இதைக் கொண்டு பார்த்துவிடலாம் என்ற ஆசையில் வாங்குகிறவர்கள் உண்டு. ஆசை பாதிதான் நிறைவேறும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கருந்துளைக்கு அருகே வாயு முகில்கள் வினாடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகின்றன. ஒரு பகுதி நம்மை நோக்கி வருகிறது, மறு பகுதி விலகிப் போகிறது. அதனால் நிறமாலையில் ஹைட்ரஜன் காட்டும் கோடு இரு பக்கமும் விரிந்து தடிக்கிறது. இது அகலம். பிரபஞ்ச விரிவால் மொத்தக் கோடும் சிவப்புப் பக்கம் தள்ளிப்போவது இடம். இந்தக் கிரேட்டிங் இடத்தைத் தெளிவாகச் சொல்லும். அகலத்தைச் சொல்லத் தயங்கும்.

சோதிக்க ஏற்ற பொருள் கன்னி ராசியிலுள்ள 3சி 273 என்ற குவேசார். பிரகாச அளவு (மேக்னிட்யூட்) சுமார் 12.9. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் இதன் புரியாத கோடுகளை 0.158 செம்பெயர்ச்சி (சிவப்புப் பக்கம் தள்ளிப்போன அளவு) கொண்ட ஹைட்ரஜன் என்று கண்டுபிடித்தார். புள்ளி போலவே தெரிவதால் பிளவில்லாத கிரேட்டிங்கிற்கு இது வசதி. என்ஜிசி 4151 போன்ற செய்ஃபெர்ட் (பிரகாசமான மையமுள்ள) விண்மீன்மண்டலமும் அகன்ற கோடுகள் கொண்டதுதான், ஆனால் மையத்தைச் சுற்றியுள்ள மண்டலத்தின் ஒளி நிறமாலையைக் கலங்கடிக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்துவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கிரேட்டிங்கிலிருந்து சென்சார் வரையுள்ள தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது: 1,00,000-ஐ பிக்சல் அளவால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும் (இரண்டும் மைக்ரானில்). 2.9 மைக்ரான் பிக்சல், 50 மி.மீ. தூரம் என்றால் பிக்சலுக்கு 5.8 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு, மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). ஐஎம்எக்ஸ் 290 போன்ற 5.6 மி.மீ. அகலச் சென்சாரில் புள்ளியும் 9000 ஆங்ஸ்ட்ராம் வரையான நிறமாலையும் இந்தத் தூரத்தில் அடங்கும். 80 மி.மீ. வைத்தால் 7000-க்கே படம் முடிந்துவிடும். கறுப்பு வெள்ளைக் கேமரா நல்லது. வளையத்தின் ஓரத்திலுள்ள குறி, பிரகாசமான நிறமாலை விழும் பக்கத்தைக் காட்டும். அது சென்சாரின் நீளவாக்கில் வரும்படி திருப்பி, கூடவே வரும் பூட்டு வளையத்தால் இறுக்கிவிடுங்கள். ஃபோகஸ் செய்யும்போது புள்ளியைக் கூர்மையாக்குவது தவறு. பிரகாசமான விண்மீனின் ஹைட்ரஜன் கோடு கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள், புள்ளி கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். ஒளிமாசு ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அது நிறமாலையையே வெட்டும்.

இனி நம் ஊர்க் கணக்கு. கோலாலம்பூரில் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து 3 டிகிரிதான். கொண்டோக்களுக்கு நடுவே அதைத் தேடி ஈக்வடோரியல் தாங்கியை (பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துச் சுழற்றுவது) நேர்செய்வது வீண் வேலை. அந்தச் சாய்வில் எதிர்எடை முக்காலிக் காலில் முட்டவும் செய்யும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும் சாதாரண ஆல்ட்-அசிமத் தாங்கியே போதும். 3சி 273 இங்கே கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து தலைக்கு நேராக, உச்சியிலிருந்து சுமார் 1 டிகிரி தள்ளிக் கடக்கிறது. அதனால் உச்சிக்கு 2 மணி நேரம் முன்பு படச்சுழற்சி (அத்தாங்கியில் படம் மெல்லத் திரும்புவது) மணிக்கு 1 டிகிரி கூட இல்லை. 1 மணி நேரம் முன்பு 4 டிகிரி. அதற்குப் பிறகு கிறுகிறுவென ஏறும், தாங்கியும் உச்சியில் திணறும். எனவே உச்சிக்கு 2 மணி முன்பிலிருந்து 1 மணி முன்பு வரையான அந்த ஒரு மணி நேரமே வேலை நேரம். மார்ச் இறுதியில் அது இரவு 11.20 முதல் 12.20 வரை, மே தொடக்கத்தில் 9 முதல் 10 வரை. பினாங்கில் உச்சியிலிருந்து 3 டிகிரிக்கு மேல் தள்ளிப் போவதால் திணறல் சற்றுக் குறைவு.

8 அங்குல ஷ்மிட்-கசெக்ரெய்ன் தொலைநோக்கியில் குவியத்தூரத்தைக் குறைக்கும் எஃப் 6.3 குறைப்பான் போட்டு, 30 வினாடி வீதம் 80 படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். நகர வெளிச்சம் தனிக் கோடுகளாக வராது. பிளவில்லாததால் பரவி, மொத்தத் தரையையும் உயர்த்தும். நிறமாலைக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகளை எடுத்துக் கழித்தால் சரியாகும். பக்கத்து விண்மீனின் நிறமாலை மேலே விழுந்தால் மட்டும் கேமராவைத் திருப்பத்தான் வேண்டும். அலைநீள அளவுகோலுக்கு டெனெபோலா விண்மீன் போதும். அதன் ஹைட்ரஜன் கோடுகள் பளிச்சென்று தெரியும். இலவசமாகக் கிடைக்கும் பாஸ் ப்ராஜெக்ட் மென்பொருள் மீதி வேலையைச் செய்யும்.

ஹைட்ரஜன் பீட்டா கோடு 4861 ஆங்ஸ்ட்ராமிலிருந்து நகர்ந்து 5629 அருகே மேடாக நிற்கும். வித்தியாசத்தை 4861-ஆல் வகுத்தால் 0.158. ஒரு பிக்சல் பிசகினாலும் பிழை 0.001-தான். இந்த விஷயத்தில் கருவிக்கு முழு மதிப்பெண். ஆனால் மிகப் பிரகாசமான ஹைட்ரஜன் ஆல்பா கோட்டை நம்பாதீர்கள். அது நகர்ந்து விழும் 7600-இல்தான் நம் காற்றின் ஆக்சிஜன் பட்டை உட்கார்ந்திருக்கிறது. உச்சி நடுவே வெட்டுப்பட்டு இரட்டை மேடாகத் தெரிந்தால், அதைச் சுழலும் வட்டு என்று கொண்டாட வேண்டாம்.

அகலத்துக்கு வருவோம். காற்றின் அலைவால் 3 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) அளவுக்கு விரிந்த விண்மீன் இந்த அமைப்பில் 37 ஆங்ஸ்ட்ராமை விழுங்கிவிடும். குவியும் ஒளிக்கற்றையில் கிரேட்டிங் வைப்பதால் வரும் வால் அதோடு சேர, கருவியின் மங்கல் 60 வரை போகும். குறைப்பானைக் கழற்றினால் வால் குறையும், விண்மீன் புள்ளி பெரிதாகும். ஏசி கம்ப்ரஸர்கள் வெப்பம் கக்கும் மாடியில் நிலைமை இன்னும் மோசம். வினாடிக்கு 3000 கி.மீ. வேகம் தரும் அகலமோ 56 ஆங்ஸ்ட்ராம்தான். அளந்தது 85, மங்கல் 60 என்று வையுங்கள். இரண்டின் வர்க்கங்களையும் கழித்து மூலம் எடுத்தால் 60, அதாவது சுமார் 3200 கி.மீ. மங்கலை 70 என்று எடுத்தால் அதுவே 2600-க்கும் கீழே இறங்கும். வாயு வேகமாக ஓடுகிறது என்று சொல்லலாம், கருந்துளையின் எடையைச் சொல்ல முடியாது.

அதற்குச் சிலியில் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளை இணைக்க வேண்டியிருந்தது. அவற்றை இணைக்கும் கிராவிட்டி கருவியின் குழு 2018-இல் இதே 3சி 273-இன் வாயு ஒழுங்காகச் சுழல்வதை நேரடியாகப் பிரித்துக் காட்டியது. வாயுப் பகுதியின் ஆரம் சுமார் 0.12 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு), கருந்துளை ஏறத்தாழ 26 கோடி சூரிய எடை.

தூரம் 50 மி.மீ.க்குக் கீழேதான் கிடைக்கும் என்றால், ஃபில்டர் சக்கரக்காரர்கள் 200 கோடு மாதிரியை வாங்கலாம். கண்ணாடியைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கலாம்.