பத்மினிக்கு ‘ஃபுல் சஸ்பென்ஷன் வேலை’ கொடுப்பவர்கள் கவனத்துக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பழைய ஃபியட், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். “முன்னும் பின்னும் ஃபுல் வேலை, எல்லாம் புது சாமான்” என்று பில் போட்டு ஒரு பட்டறை ஒப்படைத்த பத்மினி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஸ்டீரிங் இறுகிவிட்டது, பின்பக்கம் இடதுபுறம் சாய்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் கறுப்பு பெயின்ட்டையும் சில ரப்பர் புஷ்களையும் தவிர எதுவும் புதிதில்லை.

முதலில் கிங்பின் (ஸ்டீரிங் திருப்பும்போது முன்சக்கரம் சுழலும் அச்சு), ஏனென்றால் உயிருக்கு ஆபத்தானது அதுதான். புது புஷ் (கிங்பின்னைச் சுற்றி உட்காரும் உறை) இறக்கினால், மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நீளமான ரீமரால் (துளையைத் துல்லியமாகச் சீராக்கும் கருவி) நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும். கிங்பின் கையால் தள்ளினால் வழுக்கி இறங்க வேண்டும், ஆட்டம் இருக்கக்கூடாது. இந்த வண்டியில் பழைய பின்னுக்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டியிருக்கிறார்கள். புஷ்ஷின் கிரீஸ் துளையும், கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் துளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அதனால் கிரீஸ் உள்ளே போகவே வழியில்லை. வயல் சேறும் மழைத்தண்ணீரும் போய்க் கிங்பின் துருப்பிடித்து இறுகிவிட்டது.

இதை நீங்களே சோதிக்கலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கிரீஸ் கன்னால் நிப்பிளில் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் பின்னின் மேலும் கீழும் பிதுங்கி வர வேண்டும். நிப்பிளைச் சுற்றியே வழிந்தால் துளை அடைபட்டிருக்கிறது. அடுத்து டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

பின்பக்கப் பட்டைகளில் (லீஃப் ஸ்பிரிங்) நடந்தது இன்னும் மோசம். தொய்ந்த பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து முறையாகக் கேம்பர் (பட்டையின் வளைவு) ஏற்ற வேண்டும், இல்லையேல் புது செட் போட வேண்டும். இவர்கள் கேஸ் வெல்டிங் தீயை நடுவில் காட்டி வளைத்து, அப்படியே ஆற விட்டிருக்கிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டியதும் நீலம் பாய்ந்த தழும்பு தெரிந்தது. டெம்பர் (உருக்கின் விறைப்பு) போன பட்டை எத்தனை முறை வளைத்தாலும் திரும்பத் தொய்யும். அதை மறைக்க ஏதோ வேனின் பட்டை ஒன்றையும் இடையில் சொருகியிருக்கிறார்கள். பின்பக்கம் தூக்கினால் மூக்கு தாழும், காஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும், வளைவில் திரும்பிய ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளமான வயல் என்று ஓடும் நம் ஆற்றங்கரைச் சாலைகளில் இது விளையாட்டுக் காரியமே இல்லை.

“வண்டி சாய்கிறதே” என்று புகார் சொன்னபோது முன் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்திருக்கிறார்கள். அறுத்த ஸ்பிரிங் கடினமாகிவிடும். அதன் முனை, ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் சரியாகப் பொருந்தாது, மதகு மேட்டில் சக்கரம் தொங்கும்போது நழுவவும் கூடும். அதற்குப் பரிகாரம் ஜோடியாகப் புது ஸ்பிரிங் மாட்டுவது மட்டுமே.

ஷாக் அப்சார்பர்களும் பழையவையே. துடைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்து உடனே நிற்க வேண்டும், இரண்டு மூன்று முறை குதித்தால் ஷாக் செத்துவிட்டது. ராடு ஓரம் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள்.

பட்டைக்கண்ணில் (பட்டையின் வளைய முனை) உள்ள ரப்பர் புஷ்கள் மட்டும் உண்மையிலேயே புதியவை. ஆனால் சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கியதால் வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிட்டது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம்.

பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஹேங்கர் பிடிக்கும் இடத்தில் துருவின் மேலேயே தார்ப்பூச்சு அடித்திருந்தார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்றால் அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் பட்டை வேலையே தொடங்கக்கூடாது. தகடு உள்வாங்கினால் முதலில் வெல்டிங், பிறகுதான் ஸ்பிரிங்.

டயரில் ஒன்றே ஒன்று: முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை (உள் இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை டயர்) என்று கலக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஈரச் சாலையில் பின்பக்கம் முதலில் பிடி விடும்.

வேலை கொடுக்கும்போதே இரண்டு நிபந்தனைகளைப் பில்லில் எழுதி வாங்குங்கள்: கழற்றிய பழைய சாமான் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும், நீங்கள் நேரில் பார்க்கும்வரை பெயின்ட்டோ தாரோ அடிக்கக்கூடாது. மறுக்கும் பட்டறையில் சாவியைக் கொடுக்காதீர்கள். வீல் அலைன்மென்ட் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான். 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், புதுப் பட்டை படிந்ததும் அவை தளரக்கூடும்.