கார்பன் டை ஆக்சைடுக்கு எரியும் குச்சியா, சுண்ணாம்பு நீரா?

ஆய்வகச் சாமான் பட்டியலை இந்த வருஷம் என் தலையில் கட்டிவிட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு சோதனைக்கு எதை வைத்துக்கொள்வது என்று யோசித்து, கடைசியில் சுண்ணாம்பு நீருக்கே எழுதினேன். அதில் தொல்லை இல்லாமல் இல்லை.

எரியும் குச்சிக்குச் செலவே கிடையாது. ஆக்சிஜனில் தணல் குச்சி குப்பென்று பற்றும், ஹைட்ரஜன் 'பாப்' என்று வெடிக்கும். அந்த இரண்டுக்கும் அது போதும். கார்பன் டை ஆக்சைடில் குச்சி அணையும். ஆனால் நைட்ரஜனிலும்தான் அணையும்! வந்தது எந்த வாயு என்று அணைந்த குச்சி சொல்லாது.

சுண்ணாம்பு நீர் பால் போல் வெளுத்தால் பெரும்பாலும் சந்தேகமில்லை. 1750களில் வேதியியலாளர் ஜோசப் பிளாக் நாம் விடும் மூச்சில் இந்த வாயு இருப்பதை இதை வைத்துத்தான் காட்டினார். சல்பர் டை ஆக்சைடும் வெளுக்கச் செய்யும் என்பது உண்மை. ஆனால் தீக்குச்சி உரசிய நெடி மூக்கில் ஏறுவதால் அது மாட்டிக்கொள்ளும்.

தொல்லை பராமரிப்பில்தான். போன வருஷம் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி பளிங்குத் துண்டில் அமிலம் விட்டாள். பளிங்கு ஒரு கார்பனேட், அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வரும். நுரை பொங்குகிறது, சுண்ணாம்பு நீரோ அசையவில்லை. "சார், அப்போ இது கார்பனேட் இல்லையா?" என்றாள். தப்பு என்னுடையது. ஜூனில் கரைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து வைத்த பாட்டில். ரப்பர் தக்கை இறுக்கமாக இல்லை. உள்ளே போன காற்று சுண்ணாம்பையெல்லாம் வெள்ளை ஏடாக ஆக்கிவிட்டிருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், உள்ளே வெறும் தண்ணீர். தெளிவாக இருக்கிறதே என்று நம்பி ஏமாந்தேன்.

இப்போது அடியில் வண்டலை விட்டே வைக்கிறேன். லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும் என்பதால் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு பல வாரம் தாங்கும். முதல் நாள் மாலை குலுக்கிவிட்டு, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுகிறேன். சூடாக்கினால் சீக்கிரம் கரையும் என்று நினைக்காதீர்கள். சூட்டில் இது இன்னும் குறைவாகத்தான் கரையும். வகுப்புக்கு முன் கொஞ்சம் எடுத்து உறிஞ்சுகுழலால் ஊதிப் பார்ப்பேன். வெளுத்தால்தான் மேசைக்குப் போகும். (ஊதுவது மட்டும்தான், உறிஞ்சக் கூடாது.) அவசரத்துக்கு வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் கைகொடுத்திருக்கிறது, வெள்ளையாக, புதிதாக இருக்க வேண்டும், ரோஸ் நிறம் வேண்டாம்.

பேரியம் ஹைட்ராக்சைடு நீரிலும் இதே வெண்மை வரும், ஆனால் பேரியம் விஷம். பிள்ளைகள் வாய்வைத்து ஊதும் இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன். பைகார்பனேட் காட்டி (கார்பன் டை ஆக்சைடு கூடினால் நிறம் மாறும் திரவம்) சிவப்பிலிருந்து மஞ்சளாவது பார்க்க அழகு. ஒரே ஒரு முறை கையாண்டதை வைத்து அதற்கு மதிப்பெண் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

இன்னொன்று: வாயுவை விடாமல் செலுத்தினால் வந்த வெண்மை மறுபடி கரைந்து தெளிந்துவிடும். வருஷத்துக்கு நாலு பேராவது குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "சார், வந்துச்சு, போயிடுச்சு" என்பார்கள்.