பாங்காக் சந்தையில் விலை அட்டையைப் பார்த்து ஏமாந்த கதை

பாங்காக் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மே மாதம் அம்மாவோடு போனபோது எங்களுக்கு நடந்தது. சந்தையின் பெயரைப் போடவில்லை. அங்கே நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மே மாதம் அங்கே டுரியன் பழ சீசன். சந்தபுரி, ராயோங் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும். அம்மாவுக்கு அதைச் சாப்பிட்டுப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. ஒரு கடையில் உரித்த சுளைகளை அடுக்கி '150' என்று அட்டை குத்தியிருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் தாய்லாந்து மொழியில் சின்னதாக ஒரு சொல். கிலோ 150 பாட் என்றே எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் நாலு சுளையைத் தட்டில் வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, தராசில் போட்டார். தராசு அவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கால்குலேட்டரை நீட்டினார்: 1,050.

எடை 700 கிராம். 105 பாட் ஆகும் என்று நினைத்து நின்ற எனக்குத் தலை சுற்றியது. அந்த 150, நூறு கிராமுக்கான விலை. வேண்டாம் என்றேன். சுற்றியாகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டேன் என்று கையை ஆட்டினார், குரலும் ஏறியது. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். "விடுப்பா, குடுத்துட்டு வா" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தார். கொடுத்துவிட்டேன். நம்ம பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல்.

ஹோட்டலுக்குள் டுரியன் கொண்டுபோகக் கூடாது என்பதால் தெருவோர பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம். சுளை வெளிறிக் கிடந்தது. வாசனையே இல்லை. விரலால் அழுத்தினால் பலாக்கொட்டை மாதிரி கெட்டி. அம்மா ஒரு வாய் கடித்து, ரொம்ப நேரம் மென்று, "நல்லாத்தான்பா இருக்கு" என்றார். மீதியை அவர் தொடவே இல்லை.

மறுநாள் சத்துசாக் சந்தைக்கு எதிரே இருக்கும் 'ஓர் டோர் கோர்' என்ற சந்தைக்குப் போனோம். அங்கே பழக்கடை வைத்திருக்கும் பெண்மணி ஒருவர்தான் விளக்கினார். அந்தச் சின்னச் சொல் 'கீட்'. ஒரு கீட் என்றால் 100 கிராம், பத்து கீட் ஒரு கிலோ. லாடம் மாதிரி ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தால்தான் கிலோ. தாய்லாந்துக்காரர்கள் இறைச்சி, இறால், பழம் எல்லாவற்றுக்கும் கீட் கணக்கு சாதாரணமாகச் சொல்வார்கள், அதில் தப்பில்லை. தெரியாதவர்களிடம் சொல்லாமல் விடுவதுதான் ஏமாற்று.

அதனால் தராசில் வைப்பதற்கு முன்பே "ஒரு கிலோ எவ்வளவு?" என்று கேட்டு, கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தராசை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முழுப் பழத்தின் கிலோ விலையையும் உரித்த சுளையின் விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழத்தில் பெரும்பகுதி முள் ஓடுதான். சுளையை அழுத்திப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள். எடையில் சந்தேகம் வந்தால் பல சந்தைகளில் பொதுத் தராசு இருக்கும், அதில் போட்டுப் பார்க்கலாம். விலைப் புகாருக்கு 1569, சுற்றுலாப் போலீசுக்கு 1155. இந்த இரண்டு எண்ணும் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் அந்தக் கடையிலேயே நின்று கூப்பிட்டிருப்பேன்.