முழங்கைப் பட்டை: திண்டு எலும்பின் மேல் அல்ல, தசையின் மேல்

ஈரத்துணியைப் பிழிந்தாலும் தோசைக்கல்லை ஒரு கையால் தூக்கினாலும் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் சுருக்கென்று குத்திய வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று மருத்துவர் பெயர் சொன்னதும் (டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை), மருந்துக் கடையில் 380 ரூபாய்க்கு ஒரு முன்கைப் பட்டை வாங்கினேன். ஆறு வாரம் அணிந்த பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் ஜெல் திண்டு முழங்கையின் எலும்பு மேட்டின் மீதே உட்கார்ந்திருக்கிறது. அதை நம்பி முதல் வாரம் அப்படியே கட்டினேன். எலும்பு நொந்ததே தவிர வலி குறையவில்லை. பிறகு இயன்முறை மருத்துவர்தான் விளக்கினார்.

இவ்வலியில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது எக்ஸ்டென்சர் கார்ப்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்னும் தசையின் நாண். மேற்கை எலும்பின் கீழ்முனையிலுள்ள வெளிப்புற மேட்டில் தொடங்கும் அத்தசை, முன்கையின் பின்புறமாக இறங்கி, நடுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் அடியில் முடிகிறது. நடுவிரலை ஒருவர் அழுத்த, நாம் எதிர்த்து உயர்த்தினால் முழங்கை வலிப்பது அதனால்தான். மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக உயர்த்துவது இதன் வேலை என்பதோடு நிறுத்தினால், துணி பிழியும்போது ஏன் வலிக்கிறது என்பது விளங்காது. விரல்களை மடக்கும் தசைகளின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்தே செல்வதால், எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அவை மணிக்கட்டையும் உள்நோக்கி இழுக்கின்றன. அது மடங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கும் தசைகளுள் இதுவும் ஒன்று. மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே திண்டு இருக்க வேண்டிய இடம், எலும்பு மேட்டுக்கு இரண்டு விரல் அகலம் கீழே, மணிக்கட்டை உயர்த்தினால் புடைக்கும் சதையின் மேல். இழுவிசையில் ஒரு பங்கைப் பட்டை அங்கேயே ஏற்றுக்கொண்டால் நாணின் தொடக்கத்தில் சுமை குறையும் என்பதே இதன் தத்துவம். இடம் மாற்றிக் கட்டிய அன்றே தோசைக்கல் எனக்கு இலகுவாயிற்று. ஆனால் அதிகம் இறுக்கக் கூடாது. ஆரை நரம்பின் ஆழ்கிளை அவ்வழியே செல்கிறது. தூங்கும்போது கழற்றிவிடுவேன்.

தையல் உறுதியாக இருக்கிறது. வெல்குரோ மட்டும் ஒரே மாதத்தில் பஞ்சு அடைத்துப் பிடிப்பிழந்தது. உட்புறத் துணி வியர்வையை உறிஞ்சுவதில்லை. பட்டையோடு, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியையும் செய்துவருவதால், குணமானதன் பெருமை முழுவதையும் பட்டைக்குக் கொடுக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். குறைத்த இரண்டில் ஒன்று அந்தப் படத்துக்காக.