காலிப் பாட்டிலுக்குக் காசு: நீலகிரி வழியும் ஜெர்மனி வழியும்

காட்டோரம் குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால், புண் சீழ்பிடித்து அதன் உயிருக்கே ஆபத்து. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். விற்கும்போது 10 ரூபாய் கூடுதல். காலியைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

அதற்கு முன்பும் காலிப் பாட்டிலுக்கு விலை உண்டு, பழைய இரும்புக் கடையில் ஓரிரு ரூபாய். அதற்காகச் சரிவில் யார் இறங்குவார்? 10 ரூபாய் என்றால் குடித்தவர் வீசினாலும் இன்னொருவர் பொறுக்கி வருவார். பொறுக்குபவருக்கு அது அன்றைய சாப்பாட்டுக் காசு.

ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் பிடிக்கிறார்கள். கழுவி மறுபடி நிரப்பும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். சூப்பர் மார்க்கெட் வாசலில் இயந்திரம் நிற்கும். பாட்டிலைப் படுக்கவைத்துத் தள்ளினால், உருட்டி, பார்கோடைப் படித்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் வரும் சீட்டைக் கல்லாவில் நீட்டினால் காசு. கேனை நசுக்கிக் கொண்டுபோனால் பார்கோடு படியாது. அங்கேயும் பொறுக்கி வாழ்பவர்கள் உண்டு. அவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாமே என்று பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இயந்திரம் இல்லாதது நீலகிரித் திட்டத்துக்குக் குறை என்று நான் சொல்லமாட்டேன். குறை வேறிடத்தில். அங்கே இயந்திரம் செய்வதையும் அதற்கு மேலும் இங்கே விற்பனையாளரே செய்கிறார்: 10 ரூபாய் வாங்கியதற்கு அடையாளமாக ஸ்டிக்கர் ஒட்டுவது, காலியை எண்ணி வாங்குவது, சாக்கில் கட்டுவது, அடுக்க இடம் தேடுவது. வேறு மாவட்டங்களுக்கு விரிந்தபோது ஊழியர்கள் போராடியது இதற்காகத்தான். அவர்கள் கேட்டது நியாயம்.

இன்னொன்று, ஜெர்மனியில் தண்ணீர், சோடா, பழச்சாறு எல்லாம் கணக்கில் வரும். இங்கே மதுப் பாட்டில் மட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்டார்கள். தடையை நிறைவேற்றச் சோதனைச் சாவடியில் ஆள் நிற்க வேண்டும்; 10 ரூபாய்க்குக் காவல் வேண்டாம்.

ஆகவே எனக்கு நீலகிரி வழிதான் பிடிக்கிறது, இரண்டு திருத்தங்களோடு. காலி வாங்க ஒவ்வொரு கடையிலும் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். குளிர்பானக் கேனும் பெட்டிக்கடைச் சோடா பாட்டிலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.