கண்மாய்க் கரையும் சாய்ந்த வெயிலும்: ஒரு கல்வட்டத்தோடு ஐந்து ஆண்டு

மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க்கு வடக்கே, மேட்டு நிலத்தில் ஒரு கல்வட்டம், பழங்கால ஈமச்சின்னம், இருக்கிறது. 2020 கடைசியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதிலிருந்து மாதம் ஒரு முறையாவது, மழைக்காலம் என்றால் வாரம் ஒரு முறை, மதுரையிலிருந்து இருட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. புதையல் கிடைக்கும் என்று இப்படிப்பட்ட இடங்களைத் தோண்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ஐந்து ஆண்டில் அங்கே எந்தக் கருவி உதவியது, எது வீட்டிலேயே தங்கிவிட்டது என்பதைத்தான் எழுதுகிறேன். கல்வட்டம், கற்திட்டை (பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடிய ஈமச்சின்னம்), குத்துக்கல் (தனியாக நட்ட நெடுங்கல்) என்று தேடிப் போய்ப் படம் எடுக்கிறவர்கள் இப்போது நம் பக்கம் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் முதல் கேள்வியாக "எந்த வைட் லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கல்வட்டம் என்பது இரும்புக்கால ஈமச்சின்னம். இறந்தவரின் எலும்புகளைத் தாழியிலோ கற்பதுக்கையிலோ (மண்ணுக்குள் பலகைக்கற்களால் அமைத்த பெட்டி) வைத்து, மேலே மண்ணும் சிறு கற்களும் குவித்து, சுற்றிலும் பெரிய கற்களை வட்டமாகப் பதித்திருப்பார்கள். பல ஊர்களில் பாண்டவர் குழி என்பார்கள். நான் போகும் வட்டம் 8 மீட்டர் குறுக்களவு. நான் முதலில் எண்ணியபோது 23 கற்கள். பெரும்பாலும் முழங்கால் உயரம், அதாவது அரை மீட்டர். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. கோயில் கோபுரம் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பொருள் இல்லை இது. தரையோடு கிடக்கும் ஒரு வடிவம். பக்கத்தில் நின்று நேராகப் பார்த்தால் வட்டமே தெரியாது, நாலைந்து பாறை சிதறிக் கிடக்கிற மாதிரிதான் இருக்கும்.

முதல் வருடம் 16–35 மி.மீ. வைட் லென்ஸில்தான் எடுத்தேன். மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும். 16 மி.மீ.யில் முழு வட்டமும் அடங்கவேண்டும் என்று முன்கல்லுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்பேன். அப்போது எதிர்ப்பக்கத்துக் கல் 10 மீட்டரில் இருக்கும். ஐந்து மடங்கு தூரம், ஆகவே ஒரே அளவுக் கல்லானாலும் படத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முன்னால் ஒரு யானைக்கல், பின்னால் கூழாங்கல் வரிசை. ஒரு வருடப் படங்களைத் திரும்பப் பார்த்தபோது, அந்த இடத்தை அறியாத யாருக்கும் அது வட்டம் என்று புரியாது என்பது தெரிந்தது. சரி, பிழை லென்ஸில் இல்லை. நான் நின்ற இடம் தவறு.

விடை கண்மாய்க் கரையில் இருந்தது. கரை நிலத்திலிருந்து மூன்றரை மீட்டர் உயரம், வட்டத்தின் நடுவிலிருந்து 20 மீட்டர் தெற்கே. கரைமேல் முக்காலியை வைத்தால் கேமரா 5 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து முன்கல் ஏறத்தாழ 16 மீட்டர், பின்கல் 24. இப்போது பின்கல் முன்கல்லில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் தெரியும். அதைவிட முக்கியம், மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் வட்டம் ஒரு முட்டை வடிவமாகத் திறந்துகொள்ளும். அதை மூளை உடனே வட்டம் என்று படித்துவிடும். 50 மி.மீ.யில் வட்டமும் சுற்றியுள்ள வெளியும் வரும். 85-இல் வட்டம் மட்டும், ஓரங்களைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு. இந்த இரண்டு பிரைம் லென்ஸ்கள்தான் (ஜூம் இல்லாதவை) இன்று என் பையில் இருக்கின்றன. 16–35-ஐ இரண்டாம் வருடமே விற்றுவிட்டேன்.

கரை இல்லாத இடத்துக்குப் போனால்? முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி மாதிரி ஒரு நீளமான கம்பத்தின் நுனியில் கேமராவைப் பூட்டி மூன்று மீட்டருக்குத் தூக்கி, டைமரில் எடுக்கிறேன். கூட ஒருவர் கம்பத்தைப் பிடித்தால் நல்லது. காற்று அடித்தால் இது வேண்டாம்.

கேமரா, பழைய நிக்கான் டி750. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். 2014-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், பழைய ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்டக சென்சார். இந்த வேலைக்கு அதற்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இரண்டு காரணத்துக்காக அதைப் பாராட்டுவேன். ஒன்று, மடங்கும் திரை. கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, செம்மண்ணில் படுக்காமல் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நிழல் பகுதியில் அது பிடித்து வைக்கும் விவரம். மேகம் வெளிறியிருக்கும்போது கல் கறுத்துப்போகும். வானத்துக்கு வெளிச்ச அளவு வைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் RAW கோப்பாக எடுத்து, பிறகு நிழலைத் தூக்கினால் கல்லின் பாசியும் வெடிப்பும் சுத்தமாக வருகின்றன. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8 அல்லது எஃப்/11. எஃப்/22 வரை மூடினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் கூர்மை குறைகிறது, அங்கே போகவேண்டாம்.

இனி வெளிச்சம். ஐந்து வருடத்தில் நான் கற்றதில் பெரும்பகுதி இதுதான்.

சூரியன் அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அரை மீட்டர் கல்லுக்கு நிழல் ஏறத்தாழ 5.7 மீட்டர். 10 டிகிரியில் 2.8. 20-இல் 1.4. 45-க்கு வந்தால் கல்லும் நிழலும் ஒரே நீளம், அப்புறம் படத்தில் உயிர் இருக்காது. நாம் பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும், நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. குளிர்நாட்டுக்காரர்கள் மணிக்கணக்கில் அனுபவிக்கும் பொன்வெயில் நமக்குக் கிடையாது. 5 டிகிரிக்குக் கீழே நிழல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழப்பும். 6 முதல் 12 வரைதான் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தன் நிழலோடு நிற்கும். அது அரை மணிகூட இல்லை. அதனால் முக்காலியை இருட்டிலேயே நிறுத்தி, ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

என் கரை தெற்கே இருப்பதால் காலையில் வெயில் வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம். இரண்டுமே பக்கவெயில். மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி எழும், கற்களின் முகத்தில் நல்ல வெளிச்சம் விழும். ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளி எழும், கற்கள் எதிர்வெயிலில் கறுத்து, விளிம்பு மட்டும் மின்னும். எனக்கு மார்கழி, தை பிடிக்கும். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் ஆறே முக்கால் வாக்கில் மூடுபனி எழுந்து கரை தாண்டி வட்டத்துக்குப் பின்னால் திரை போட்டுவிடும். முட்செடி, மின்கம்பம் எல்லாம் மறைந்து கற்கள் மட்டும் நிற்கும்.

நண்பகலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், பிறகு ஆவணி பத்தாம் தேதி வாக்கில், வருடத்துக்கு இரண்டு முறை மதுரைக்கு நேர்மேலே சூரியன் வரும், பகல் 12.18 போல. அந்த நிமிடம் கற்களுக்கு நிழலே இல்லை. படமாக அது சுமார்தான். ஆனால் அங்கே நின்று பார்க்க வேண்டிய காட்சி. அந்த இரண்டு நாளுக்கும் இடையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும் என்பதையும் அப்போதுதான் கண்ணால் உணர்ந்தேன்.

முழு மூட்டம் போட்ட நாளில் வட்டத்தை எடுக்காதீர்கள், தட்டையாக வரும். அன்று ஒவ்வொரு கல்லாகக் கிட்டே போங்கள். 85-இல் பாசியின் நிறங்கள், சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள், எல்லாம் மூட்டத்தில்தான் உண்மையாக வருகின்றன.

மழை விட்ட அரை மணி நேரம் தனி. கல் நனைந்து கறுத்து, பாசி வெள்ளையாகத் தூக்கித் தெரியும். செம்மண் இரண்டு மடங்கு சிவக்கும். போலரைசர் (லென்ஸின் முன் மாட்டி எதிரொளியைக் குறைக்கும் வடிகட்டி) வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கினேன், வைத்திருக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் பாதி நேரம் கழற்றிவிடுவேன். ஈரக்கல்லின் பளபளப்பை அது அழித்துவிடும். கல்லின் மேடுபள்ளத்தை நமக்குக் காட்டுவதே அந்தப் பளபளப்புதான். வானத்தின் நீலத்துக்காகக் கல்லை இழக்கவேண்டாம். இடி கேட்டால் மட்டும் யோசிக்காமல் கரையைவிட்டு இறங்கிவிடுங்கள், திறந்த கரையில் அலுமினிய முக்காலியோடு நிற்பது ஆபத்து. கல்லிடுக்குகளில் விரியன் கிடக்கும். கணுக்கால் மூடிய ஷூ, டார்ச், தட்டிப் பார்க்க ஒரு கம்பு, மூன்றும் இல்லாமல் இருட்டில் போனதில்லை.

முக்காலியில்தான் நான் பணத்தை விரயம் செய்தேன். முதலில் வாங்கியது விலை மலிவு, கிளிப் பூட்டு. இரண்டாம் வருடம் ஆடிக்காற்றில் ஒரு கால் மடங்கிவிட்டது. பூட்டின் ரிவெட் தேய்ந்திருந்தது, உதிரி கிடைக்கவில்லை. கேமரா கழுத்துப் பட்டையில் தொங்கியதால் தப்பியது. இப்போது வைத்திருப்பது நடுத்தண்டு இல்லாத, கால்களை முழுதாக விரித்தால் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும் வகை. திருகுப் பூட்டு. இதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலைக் கழற்றிப் பார்த்தால் மரைக்குள் செம்மண் குருணை ஒட்டியிருக்கும், திருகும்போது நறநறவென்று கேட்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவினால் புதிதுபோல் ஓடும். பணம் போடுவதானால் லென்ஸுக்கு முன் இங்கே போடுங்கள்.

2022 ஐப்பசியில் நனைந்த பையை அப்படியே பத்து நாள் அலமாரியில் வைத்துவிட்டேன். 50 மி.மீ. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை. சுத்தம் செய்து வாங்கினேன். அதிலிருந்து காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் ஜெல் ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று பொருள், சமையலுக்கு எடுக்காத தனி வாணலியில் வறுத்து எடுத்தால் நீலம் திரும்பும். மழைக்கு விசேஷ உறை எதுவும் வாங்கவில்லை. பெரிய கறுப்புக் குடை போதும். மழைக்கு மறைப்பு, எதிர்வெயிலுக்கு நிழல், காற்றுக்குத் தடுப்பு.

கருவி எதுவும் காட்டாத ஒன்றை ஆடு மேய்க்கும் ஒரு அப்பத்தா காட்டினார். மூன்றாம் வருடம் அது.

"அங்கிட்டு ஒண்ணு கெடக்கே, அதப் புடிக்கலயா தம்பி?"

"எங்கிட்டு அப்பத்தா? கல்லு எதுவும் தெரியலயே."

"கல்லு எங்க தெரியுது? ஐப்பசி மழைக்கு எங்கிட்டும் புல்லு மொளைக்கும், அங்க மட்டும் வட்டமா மொளைக்காது. ஆடு அதச் சுத்தித்தேன் மேயும்."

கார்த்திகையில் போய்க் கரையிலிருந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவே ஒரு செம்மண் வட்டம், கூடை கவிழ்த்த மாதிரி. அடியில் கற்குவியல் இருந்தால் மண் ஆழமில்லாமல் புல் பிடிக்காது. தரையில் நின்று எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருப்பேன்! 85-இல் எடுத்த அந்தப் படம்தான் இந்த ஐந்து வருடத்தில் நான் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்தது.

கரையில் முக்காலியின் மூன்று கால்களுக்கும் மூன்று தட்டைக்கல் பதித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே 50, முதல் படம் அதுதான். அழகுக்காக இல்லை, கணக்குக்காக. அதன் பலன் 2024 கடைசியில் தெரிந்தது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்து மேலூர் வட்டாரமே கொதித்தது. 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் என் படங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன், எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பதிவாவது இருக்கட்டும் என்று.

அடுக்கும்போது எண்ணினேன். 2023 ஆவணிப் படம்வரை 23 கல். புரட்டாசிப் படத்தில் 22. வடமேற்கு மூலையில் ஒரு கல் இருந்த இடத்தில் குழியும், அதையொட்டி டிராக்டர் டயர்த் தடமும். அந்த மாதம் அங்கே நின்று அத்தனை படம் எடுத்தும் நான் கவனிக்கவில்லை. இரண்டு படங்களையும் அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். ஊரில் டீக்கடையிலும் ஆட்கள் கூடும் மந்தையிலும் காட்டிக் கேட்டுவருகிறேன். வாய்க்கால் பாலத்துக்குப் படிக்கல்லாகப் போட்ட ஒன்று அதே மாதிரி இருக்கிறது என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு அளவு டேப்பும் 85-உம் எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போகிறேன்.